காய்ச்சல் முறை

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் எதையும் பேசாதே என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பு போன் எல்லாம் மெயின் கேட் வழியாகத்தான் போகிறது. நான் தும்மினால்கூட கேட்டில் இருப்பவர் "பாத்து மேடம், சளி பிடிச்சிருக்கு" என்பார்.

துணை ஜெயிலர் என்ற முறையில் டூட்டி போடுவது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பெண்கள் சிறைக்கு வேண்டிய வார்டர்களில் பாதிப் பேர்தான் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடங்கள் அப்படியே கிடக்கின்றன. யார் லீவு கேட்டாலும் "ஆள் இல்லை" என்று எழுதித் திருப்புகிறேன். அப்படி எழுதித் திருப்ப முடியாத லீவு மெடிக்கல் லீவு ஒன்றுதான். போன வருஷம் ஒரு நாள் காலையில் பாதிப் பேருக்கு ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. காவல் கோபுரத்தில் ஏற ஆள் இல்லாமல் சமையல்கட்டு மேற்பார்வையாளரை ஏற்றி நிறுத்தினோம். அவருக்கு உயரம் என்றால் தலைசுற்றல்.

அதற்குப் பிறகு அவர்களே கூடிப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருத்தி. முறை வருபவள் காய்ச்சல் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பாள், துணி துவைப்பாள், பிள்ளைகளைக் கவனிப்பாள், வாய் பிளந்து தூங்குவாள். இதையெல்லாம் நடத்துவது தலைமை வார்டர். அவர் எல்லாருக்கும் பெரியக்கா. தனியாக இருக்கும்போது எனக்கும்தான். ஓய்வறையில் அவர் குரலை நானே கேட்டிருக்கிறேன். "இந்த வாரம் யாருடி காய்ச்சல்? நல்லாப் படுத்து எந்திரிச்சு வா. என் காய்ச்சல் வர்றப்ப எவளும் குறுக்க வரக்கூடாது, சொல்லிட்டேன்."

கேட்டுவிட்டுக் கேட்காதவள் போல நடந்துவிட்டேன். யார் வரமாட்டாள் என்று முன்பே தெரிந்தால் டூட்டி போடுவது சுலபம். அது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இப்போது புதிய சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார். "பொய்க் காய்ச்சல்காரங்க பேரெல்லாம் எழுத்துல வேணும். உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றார். பெயரைக் கொடுத்தால் அவர்கள் வேலை போய்விடும். தெரியாது என்று எழுதினால் நாளைக்கு என் வேலை. நான் என்ன எழுதட்டும்?

உங்கள் தங்கை

ஜூன் 8

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். இரண்டாம் முறை கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ஆயினும் உன் அண்ணி கதவைத் திறந்துகொண்டு வந்து என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள். "காய்ச்சலுக்கு க்யூவில நிக்கிறவங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்று அரைமணி நேரம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒவ்வொரு மருத்துவ விடுப்புக்கும் மருத்துவரின் சான்று கோப்பில் உள்ளது என்றும், அச்சான்றின் உண்மையைச் சோதிக்கும் தகுதியோ அதிகாரமோ உனக்கு அளிக்கப்படவில்லை என்றும் எழுது. இதில் பொய் ஏதும் இல்லை. முழு உண்மையும் இல்லை என்பதை நான் அறிவேன். ஓர் அலுவலர் தன் மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பில் அவ்வளவு போதும்.

நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது. முறையை நடத்துபவர் தலைமை வார்டராக இருக்கலாம். ஆனால் அதை அறிந்து, அதன்படி பணி ஒதுக்குபவள் நீ. ஆகவே சட்டத்தின் பார்வையில் நீ சாட்சி அல்ல, உடந்தை. அதைவிட என்னை உறுத்துவது வேறு. முறை இல்லாத ஒருத்திக்கு உண்மையிலேயே நோய் வந்தால் என்ன செய்வதாக உங்கள் ஏற்பாடு? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஒருவேளை ஏற்பாட்டிலேயே அது இல்லையோ என்று அஞ்சுகிறேன்.

உன் அண்ணன்

ஜூன் 19

அண்ணா,

நீங்கள் அஞ்சியது நடந்துவிட்டது. சூப்பிரண்டுக்கு நீங்கள் சொன்னபடிதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

எங்கள் வார்டர்களில் கடைசியாகச் சேர்ந்தவளை ஒல்லி என்று கூப்பிடுவோம். செவ்வாய்க்கிழமை காலை அவள் என் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு வந்து நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேடம், நிக்க முடியல. ராத்திரி பூரா குளிரு. இன்னைக்கு ஒரு நாள் விட்ருங்க."

அது பெரியக்காவின் வாரம். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று வெளியூர் போயிருந்தார். இன்னும் இரண்டு பேர் கைதிகளைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும். இரண்டாம் பிளாக்குக்கு ஒல்லியைத் தவிர ஆள் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வாரம் உன் முறை இல்லையேம்மா" என்றேன். காய்ச்சல் மாத்திரையும் ஒரு டம்ளர் வெந்நீரும் கொடுத்தேன். "மத்தியானம் வரைக்கும் சமாளி, யாரையாவது மாத்தி விடறேன்" என்றேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் அனுப்ப முடியாது என்று தெரிந்துதான் தொடவில்லை.

மத்தியானம் யாரையும் மாற்றிவிட முடியவில்லை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய பிளாக்கில் அவள் தனியாக நின்றாள், பிளாக் கதவை உள்பக்கமாகப் பூட்டிய கொஞ்ச நேரத்தில் மயங்கி விழுந்தாள். கம்பிக் கதவின் அடிச்சட்டத்தில் தலை மோதியது. அப்போது நடைவழியில் இருந்தது ஒரே ஒரு கைதி. தையல்கூடத்துத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவள். அவளை இங்கே தையல்காரி என்போம். அடுத்த மாதக் கடைசியில் விடுதலை ஆக வேண்டியவள். அவள் கத்தியிருக்கிறாள். கேட்க யாரும் இல்லை. ஒல்லியின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் பிளாக் கதவைத் திறந்து, முற்றத்தைத் தாண்டி ஓடி, மெயின் கேட் மணியை அடித்திருக்கிறாள்.

கேட்டில் இருந்தவர்கள் முதலில் அவளைத்தான் கீழே தள்ளிப் பிடித்தார்கள். முகம் தரையில் அழுந்தியிருக்க அவள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். "என்னை அப்புறம் அடிங்க. அங்க தலையில ரத்தம் போயிட்டு இருக்கு, மொதல்ல அங்க போங்க."

ஒல்லி இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூன் 23

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பெண் கண் விழிக்க வேண்டும். நானும் உன் அண்ணியும் அதைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இனி எழுதுவதை உன் அண்ணனாக அல்ல, வழக்கறிஞனாக எழுதுகிறேன். உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதை என் வீட்டில் வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை, நீயும் வைத்துக்கொள்ளாதே. அவள் விடுப்புக் கேட்டு எழுத்தில் எதுவும் தரவில்லை. நீ மறுத்ததும் எழுத்தில் இல்லை. சமையலறைக் கதவருகே வேறு எவரும் இல்லை. விசாரணை வரும். அன்றைய பணி ஒதுக்கீடு, இருந்த ஆட்களைக் கொண்டு விதிப்படி செய்யப்பட்டது என்று மட்டும் சொல். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். கேள்வி முடிந்த பிறகு ஏற்படும் மௌனத்தை நிரப்ப முயலாதே. எத்தனையோ நேர்மையான கட்சிக்காரர்கள் அந்த மௌனத்தில்தான் விழுந்தார்கள்.

நெற்றியைத் தொடவில்லை என்று எழுதியிருந்தாய். அதை இனி ஒருபோதும், எவரிடமும் சொல்லாதே.

உன் அண்ணன்

ஜூலை 1

அண்ணா,

ஒல்லி கண் விழித்துவிட்டாள். மண்டையில் தையல், பேச்சு தெளிவு. விழுந்தது எப்படி என்று நினைவில்லை என்கிறாள். காய்ச்சலும் இருக்கிறது. காயத்தினால் வந்த காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

அந்த ஒரு வரியைச் சூப்பிரண்டு பிடித்துக்கொண்டார். அவர் மேலே அனுப்பிய அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார். ஆரோக்கியமாகப் பணியில் இருந்த வார்டரைத் தையல்காரி தள்ளிவிட்டுச் சாவியைப் பறித்துத் தப்ப முயன்றாளாம். முற்றத்துக் கேமராவில் அவள் சாவியோடு ஓடுவது தெரிகிறது. எதற்காக ஓடுகிறாள் என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்? "தப்பிக்கப் போறவ எதுக்கு சார் மெயின் கேட் மணியை அடிக்கறா?" என்று கேட்டேன். "மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் நடிச்சிருக்கா. நீங்க எந்தக் கட்சி மேடம்?" என்றார். பிளாக்கில் இருந்த மற்ற கைதிகள் சொன்னதை எழுதிக்கொள்ளவே இல்லை.

அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. நோயாளி ஒருத்தியைத் தனியாக நிறுத்தினோம் என்றால், ஆள் பற்றாக்குறையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று தலைமையகம் அவரைக் கேட்கும். தாக்குதல் என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

தையல்காரியைத் தனிக்கொட்டடியில் போட்டிருக்கிறார்கள். குற்றம் உறுதியானால் விடுதலை போய்விடும், மேலே புது வழக்கு. நேற்று அவள் கதவருகே நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணு பொழச்சிருச்சாமே மேடம்?" என்று கேட்டாள். பிறகு, "நான் தள்ளலைன்னு உங்களுக்காவது தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல் என்றீர்கள். கேட்ட கேள்விக்கே பதில் சொல்லவில்லை அண்ணா.

ஒல்லி விழுவதற்கு முன்பே காய்ச்சலில் இருந்தாள் என்பது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். விசாரணை பதினொன்றாம் தேதி. உண்மையைச் சொல்லப் போகிறேன்.

ஜூலை 6

அன்புள்ள தங்கைக்கு,

உன்னைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. விளைவைச் சொல்லும் கடமை மட்டும் இருக்கிறது.

நோயுற்ற பணியாளரை அறிந்தே பணியில் நிறுத்தினேன் என்று நீ சொன்னால், அது கடமை தவறியதை ஒப்புக்கொள்வது. ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி அடுத்து வரும். அதற்குரிய நேர்மையான பதில் முறையை வெளியே கொண்டுவரும். முறை வெளியே வந்தால் பொய்ச் சான்று கொடுத்த ஒவ்வொருத்தியும் குற்றவாளி, அறிந்து அனுமதித்த நீ முதல் குற்றவாளி. மாப்பிள்ளைக்கு நிலையான வருமானம் இல்லை. உன் மகள் பள்ளியை முடிக்கவில்லை. இவற்றையெல்லாம் நீ எண்ணிப் பார்க்கவில்லை என்று நான் கருதவில்லை. ஆயினும் எழுதுகிறேன், ஏனெனில் எழுதாமல் இருந்தால் நான் உறங்கமாட்டேன்.

உன் அண்ணி இதைப் படித்தாள். "எல்லாம் சரி, அந்தத் தையல்காரிக்கு வக்கீல் யாரு?" என்று கேட்டாள். அவளுக்கு வக்கீல் இல்லை, சிறைக்குள் நடக்கும் விசாரணையில் அனுமதியும் இல்லை என்றேன். உன் அண்ணி எழுந்து போனாள். அன்று எனக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

சொல்வதானால், முழுவதும் சொல். பாதி உண்மை உன்னையும் காப்பாற்றாது, அவளையும் காப்பாற்றாது.

உன் அண்ணன்

ஜூலை 13

அண்ணா,

முழுவதும் சொன்னேன். சமையலறைக் கதவு, மாத்திரை, முறை எல்லாமே. நெற்றியைத் தொடாததையும்தான்.

விசாரணை அதிகாரி தலைமையகத்திலிருந்து வந்தவர், குரலை உயர்த்தாத மனிதர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒல்லியைக் கூப்பிட்டார். தலையில் கட்டோடு வந்தாள். "அன்று காலை உடம்பு சரியில்லை என்று இவரிடம் விடுப்புக் கேட்டீர்களா?"

"இல்ல சார். நான் கேக்கல. நல்லாத்தான் இருந்தேன்."

என்னைப் பார்க்கவே இல்லை. முறை என்று ஒன்று கேள்விப்பட்டதே இல்லை என்றாள். சூப்பிரண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு கைதிக்காகச் சக ஊழியர் எல்லார் மேலும் பழி போடுகிறேன் என்றும், அவளுக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் ஒல்லியை மறித்தேன். "ஏண்டி இப்படிச் சொன்னே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? கேட்டேன்னு சொன்னா முறை உண்மைன்னு ஆயிடும். எத்தனை வீட்டுல அடுப்பு அணையும்? அக்காமாரெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க மேடம்." அழுதாள். "உங்களையும் சேத்துத்தான் காப்பாத்தினேன். நீங்களே போய்க் குதிக்கறீங்க."

சாயங்காலமே என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இந்த மாத முப்பதாம் தேதி கடைசி அமர்வு. குடியிருப்பில் ஒருத்தியும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொடியில் காயும் என் துணிக்குப் பக்கத்தில்கூடத் துணி போடுவதில்லை. தையல்காரி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். நான் சொன்னதால் அவளுக்கு ஒரு நன்மையும் இல்லை. கூட்டுச்சதி என்ற பெயர்தான் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஜூலை 18

அன்புள்ள தங்கைக்கு,

சஸ்பெண்ட் உத்தரவின் நகலை உடனே அனுப்பு. அதற்கான பதிலை நான் தயாரிக்கிறேன்.

இப்போதுள்ள நிலையில் உன் சொல் ஒருபுறம், ஒல்லியின் சொல் மறுபுறம். காய்ச்சல் அவளுக்கு முன்பே இருந்தது என்பதை உறுதிசெய்ய வேறு சாட்சி இல்லை. ஆனால் முறை இருந்தது என்பதை உறுதிசெய்ய ஒருவர் இருக்கிறார். அந்த வாரம் நோயாளி என்று பதிவாகி, நோயின்றி மகள் வீட்டில் இருந்தவர். முறை உண்மை என்றானால், நோயாளியான பெண்ணை நீ ஏன் திருப்பி அனுப்பினாய் என்பது நம்பத்தக்கதாகும். அது நம்பத்தக்கதானால், ஒல்லி தானாக விழுந்தாள் என்பதும் நம்பத்தக்கதாகும்.

பெரியக்காவைச் சாட்சியாக அழைக்கக் கோரும் மனுவை இத்துடன் இணைத்துள்ளேன். கையெழுத்திட்டுக் கொடு. அதை மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அழைப்பு போன பின் நீ அவரைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, ஆள் விட்டுக் கெஞ்சக்கூடாது. சாட்சியைக் கலைத்தாய் என்று ஒரு சொல் வந்தால் எல்லாம் முடிந்தது. அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். உண்மையைச் சொன்னால் உன்னைவிட அதிகமாக இழப்பவர். இல்லை என்று சொல்லத்தான் அவருக்கு எல்லாக் காரணமும் உண்டு. என் தொழிலில் இப்படிப்பட்ட சாட்சியை நான் அழைத்ததே இல்லை. வேறு வழி தெரியாததால் அழைக்கச் சொல்கிறேன்.

முப்பதாம் தேதி நானும் அங்கு வருவேன். உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே நிற்பதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை, பார்த்துவிட்டேன்.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்று கேட்டுக்கு வெளியே நீங்கள் அந்த வெயிலில் கறுப்புக் கோட்டோடு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுவதும் சொல்ல முடியவில்லை. உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி அதுவரை பெரியக்கா இருந்த பக்கமே நான் திரும்பவில்லை. தண்ணீர்க் குழாயில் எதிரே வந்தால் குடத்தோடு திரும்பி வந்துவிடுவேன். அன்று அவர் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் வந்தார், நாற்காலியில் உட்காரவில்லை. விசாரணை அதிகாரி கேட்டார், "அந்த வாரம் உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"எனக்கா?" என்றார். "அந்த வாரம் எனக்கு ஒரு கேடும் இல்ல சார். மக வீட்டுல குழந்தையைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். முறை எனக்கு, காய்ச்சல் இவளுக்கு." ஓரமாக உட்கார்ந்திருந்த ஒல்லியைக் கையால் காட்டினார்.

சூப்பிரண்டு எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையமர்த்தினார். "முறை என்றால்?"

"லீவு கேட்டா ஆள் இல்லங்கறீங்க. சாகக் கெடக்கறேன்னா மட்டும் சரிங்கறீங்க. அதனால வாரத்துக்கு ஒருத்தியா சாகக் கெடந்தோம். ஏற்பாடு பண்ணினது நான். வேற யாரையும் கேக்க வேண்டாம், எம்மேல எழுதிக்கோங்க."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். பெரியக்கா ஒல்லி பக்கம் திரும்பினார். "இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. இப்பச் சொல்லுடி."

ஒல்லி சொன்னாள். அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். காலையிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்ததையும், சுவரைப் பிடித்தபடி கதவைப் பூட்டியதையும்.

வெளியே வந்ததும் பெரியக்காவிடம் பேச இனித் தடை இல்லை என்று நினைத்துக் கேட்டேன், ஏன் சொன்னீர்கள் என்று. "அட, உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க மேடம்" என்றார். "நான் இருந்திருந்தா அன்னைக்கு ஓடிப்போய் மணி அடிச்சிருக்க வேண்டியவ நான். என் டூட்டியை அவ பாத்திருக்கா. அதுக்கு அவளைப் பூட்டி வெச்சா எனக்குச் சோறு இறங்குமா?"

தையல்காரி மேல் போட்ட குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். நேற்றுப் பகலில் வெளியே போனாள். நான் என் வீட்டு ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நல்லது.

பெரியக்காவையும் சஸ்பெண்ட் செய்தார்கள். முறை நின்றுவிட்டது. நான் இல்லை, அவர் இல்லை, மற்றவர்கள் பயத்தில் உண்மையான காய்ச்சலுக்குக்கூட வாய் திறப்பதில்லை. நேற்று இரண்டாம் பிளாக்குக்கு ஆளே கிடைக்காமல் சூப்பிரண்டே நாற்காலி போட்டுக் கதவடியில் உட்கார்ந்திருந்தார் என்று கேள்வி. இன்று சாயங்காலம் எனக்கு ஓர் உத்தரவு வந்தது. ஊழியர் பற்றாக்குறையை முன்னிட்டு என் சஸ்பெண்டும் பெரியக்காவின் சஸ்பெண்டும் நிறுத்திவைக்கப்படுகின்றன, மேல் நடவடிக்கை பிறகு, நாளைக் காலை பணிக்கு வரவும். எங்களைத் தண்டிக்கக்கூட அவர்களிடம் ஆள் இல்லை அண்ணா.

நாளைக்கு டூட்டி போட வேண்டியது மறுபடியும் நான்தான். அட்டவணையைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் பிளாக்கில் ஒல்லியின் பெயர் இருக்கிறது. அவள் தையல் இன்னும் ஆறவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருக்கிறது. அவள் பெயரை அடித்துவிட்டேன். பெரியக்காவைக் கோபுரத்துக்குப் போட்டாயிற்று. மற்ற எல்லாரும் எங்கெங்கோ நிற்கிறார்கள். அடித்த இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குச் சட்டத்தில் ஏதாவது இருந்தால் உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கை